காதின் அதிகாரம்

"அக்கா, இவருக்கு இங்கிலீஷே சரியா வரல. வேற வெள்ளக்காரர் யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க."

2014-இல் மதுராந்தகம் பக்கத்துச் சேரி ஒன்றில் நடந்த இரவுப் பள்ளியில் பிள்ளைகள் என்னிடம் வைத்த புகார் இது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக ஒட்டிக்கொண்டிருந்த காலம். பேச்சு ஆங்கிலம் கற்றுத்தர ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அறுபது வயது. சொந்த ஊர் கிளாஸ்கோ. கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் பழகியவர். பிள்ளைகள் அவருக்கு 'கப்பல் சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். முதல் வாரம் எனக்கே அவர் பேச்சு பாதிதான் புரிந்தது. 'டவுன்' என்பதை 'டூன்' என்பார். 'ஹவுஸ்' அவர் வாயில் 'ஹூஸ்'. நடுவில் வரும் 'ட'வைத் தொண்டைக்குள்ளேயே முழுங்கிவிடுவார். 'யெஸ்' என்று சொல்லவே மாட்டார், 'அய்' என்றுதான் சொல்லுவார்.

புகாரை நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அதில் உடன்பாடுதான். உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. இருநூறு வருஷம் ஆண்டவன் நாட்டிலிருந்து வந்த ஆளைப் பார்த்து, எங்க சேரிப் பிள்ளைங்க 'உனக்கு உன் பாஷையே வரல' என்று சொல்லிவிட்டதே! இதைவிட வேறென்ன பழிவாங்கல் வேண்டும் என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு தப்பு என்று புரிய எனக்குப் பல வருஷமாயிற்று. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி இதுதான். இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. குற்றம் சொன்ன நாக்கிலா, கேட்ட காதிலா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து நீதிமன்றம் வரைக்கும் நம்மை வெளியே நிறுத்திவைத்த கேள்வி.

வெளிநாட்டில் வாழும் பிரிட்டிஷாரிடம் இதுபற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் ஓட்டலில் தண்ணீர் கேட்ட கதை அதில் ரொம்பப் பிரபலம். தென்இங்கிலாந்துக்காரர் வாயில் அது 'வோட்ட' என்று வரும். கடைசி 'ர்' இருக்காது, நடு 'ட' கெட்டியாக இருக்கும். அமெரிக்கர் காதுக்குப் பழக்கம் 'வாடர்'. அதில் நடு எழுத்து மெலிந்திருக்கும், கடைசி 'ர்' அழுத்தமாகக் கேட்கும். பரிமாறுகிறவர் விழிப்பார். மூன்று தடவை கேட்டும் வராத தண்ணீர், நாலாவது தடவை அமெரிக்கர் மாதிரி நாக்கை வளைத்துக் கேட்டதும் வந்துவிடும். 'நீங்க ஆஸ்திரேலியாவா?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பார்கள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்க முடிகிறது? புரியாமல் போனதில் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. தண்ணீர் கொஞ்சம் தாமதமாக வரும், வரும்போது ஒரு மன்னிப்போடு வரும். 'உங்க பேச்சு எவ்வளவு அழகா இருக்கு, இன்னொரு தரம் சொல்லுங்க' என்ற பாராட்டோடும் வரும். அவருக்கு வெளிநாட்டில் பேரே வேறு. 'எக்ஸ்பாட்' என்பார்கள். அதே வளைகுடா நாட்டுக்கு அதே விமானத்தில் போய் இறங்கும் எங்க ஊர் ஆளுக்குப் பேர் 'லேபர்'. இரண்டு பேரும் பிழைக்கப் போனவர்கள்தான்.

ஆனால் பிரிட்டிஷார் எல்லோரும் ஒரே நாக்குக்காரர்கள் என்று நினைத்தது என் முதல் தவறு. நாம் 'சுத்தமான இங்கிலீஷ்' என்று நம்பிக்கொண்டிருக்கும் அந்த உச்சரிப்பு இங்கிலாந்திலேயே சிறுபான்மை. மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1970-களில் போட்ட கணக்குப்படி, அதைப் பேசுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் வளர்ந்த உச்சரிப்பு அது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, ஆனால் ஒரு வர்க்கத்துக்குச் சொந்தமான பேச்சு. 1926-இல் பி.பி.சி. பேச்சு ஆங்கிலத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அறிவிப்பாளர் எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று தீர்மானிக்க அரசவைக் கவிஞர் தலைமையில் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் யார்க்ஷயர்க்காரரான வில்ஃபிரட் பிக்கில்ஸ் தன் வட்டாரத் தொனியோடு தேசியச் செய்தி வாசித்தபோது கேட்டவர்களில் பலருக்குப் பொறுக்கவில்லை. உழைக்கும் சனங்களின் வாயில் செய்திகூட நம்பகமற்றதாகிவிடுகிறது. 1954-இல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர், மேட்டுக்குடிப் பேச்சு எது, மற்றவர் பேச்சு எது என்று சொல் சொல்லாகப் பட்டியல் போட்டார். ஒரு சொல்லை வைத்தே ஆளின் பிறப்பைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அங்கே ஊரறிந்த சங்கதி. இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் அந்நியமாகத் தெரியவில்லை. வாயைத் திறந்ததும் 'எந்தத் தெரு?' என்று கண்டுபிடிக்கிற ஊரில் பிறந்தவள்தானே நான்.

வட்டாரத் தொனியும் வர்க்கத் தொனியும் கடல் தாண்டும்போது இன்னும் தூக்கலாகத் தெரியும். கென் லோச்சின் 'ரிஃப்ராஃப்' என்ற படம் 1991-இல் வந்தது. கட்டடத் தொழிலாளிகளின் கதை. அமெரிக்காவில் ஆங்கிலப் படத்துக்கே ஆங்கிலத்தில் எழுத்து ஓட்டிக் காட்டினார்கள். எடின்பரோ இளைஞர்களைப் பற்றிய 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' 1996-இல் வந்தபோது, அமெரிக்கக் காதுகளுக்காகத் தொடக்கப் பகுதி வசனங்களை மறுபடியும் பேசிப் பதிவு செய்தார்கள். பிரிட்டிஷ் அரச குடும்பத்தையும் பிரபுக்களையும் காட்டும் படங்களுக்கு யாரும் அப்படி எழுத்து ஓட்டுவதில்லை. அந்தப் பேச்சைக் கேட்கக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. பழக்கிவைத்திருக்கிறார்கள்.

கப்பல் சார் இதையெல்லாம் தன் வாழ்க்கையாலேயே சொன்னார். புகார் போன மறுநாள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவர் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"எங்க ஸ்கூல்ல 'யெஸ்'ஸுக்குப் பதிலா 'அய்'னு சொன்னா வாத்தியார் தோல் வாரால உள்ளங்கையில போடுவாரு. எங்கப்பன், எங்காத்தா எல்லாம் 'அய்'தான். அப்ப எங்க வீடே தப்புன்னு ஆயிடுதில்ல? தளத்த மூடிட்டாங்க. டெக்சாசுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போனேன். அங்க பன்னண்டு வருஷம். 'நீ இங்கிலீஷ் பேசுவியா'ன்னு எங்கிட்டயே கேப்பாங்க. மொத அஞ்சு வருஷம் நானும் சிரிச்சேன். அப்புறம் பேசுறதக் கொறச்சிக்கிட்டேன். லண்டன் ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வருவாங்க. அவங்க பேசுறதும் அமெரிக்காக்காரனுக்குப் பாதி புரியாது. ஆனா அவங்களப் பாத்து 'என்ன சொன்னீங்க?'ன்னு கேக்கும்போது முன்னால சாஞ்சு கேப்பான். என்னக் கேக்கும்போது பின்னால சாஞ்சு கேப்பான்."

தத்துவப் புத்தகங்களில் நான் படிக்காத ஒன்றை இந்த வெல்டர் சொன்னார். 'புரியவில்லை' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. 'எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்' என்பது ஒன்று. அது வேண்டுகோள். 'நீ புரியும்படி பேசத் தெரியாதவன்' என்பது இன்னொன்று. அது தீர்ப்பு. வேண்டுகோளா தீர்ப்பா என்பதை ஒலி தீர்மானிப்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற அதிகாரம் தீர்மானிக்கிறது.

'ஒலி ஒலிதானே, பழகாத ஒலி புரியாமல்தான் போகும், இதில் அதிகாரம் எங்கே வந்தது?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழகாத ஒலி முதலில் புரியாதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காது எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது தெரியுமா? 2004-இல் கிளார்க், கேரட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வேற்று உச்சரிப்போடு பேசுவதைக் கேட்கும்போது முதலில் ஏற்படும் தடுமாற்றம் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஒரே ஒரு நிமிஷம். அப்படியென்றால் ஒலி புரியுமா புரியாதா என்று கேட்டுப் பயனில்லை. அந்த ஒரு நிமிஷத்தை யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்க மறுக்கிறோம் என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1992-இல் டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒலிநாடாவில் ஒரு பாடத்தைப் போட்டுக் காட்டினார். பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கப் பெண். பேசுகிறவர் இவர்தான் என்று ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார். இன்னொரு குழுவுக்குச் சீன முகம் கொண்ட பெண்ணின் படம். குரல் ஒன்று, நாடா ஒன்று. ஆனால் சீன முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் அந்நிய உச்சரிப்பு கேட்டது. பாடமும் குறைவாகப் புரிந்தது. காது கேட்பதற்கு முன்னால் கண் தீர்ப்பெழுதிவிடுகிறது. இப்போது யோசியுங்கள். லண்டனில் பிறந்து வளர்ந்த கறுப்பர் ஒருவரோ, பர்மிங்காமில் பிறந்த பஞ்சாபிப் பெண் ஒருத்தியோ வெளிநாடு போய் வாயைத் திறந்தால், தண்ணீர்க் கதையைச் சொல்லிச் சிரிக்கும் வசதி அவர்களுக்குக் கிடைக்குமா? 'அதிருக்கட்டும், உண்மையில எந்த ஊரு?' என்ற அடுத்த கேள்வி காத்திருக்கும்.

எந்திரத்துக்குக் கண் இல்லையே, அது நடுநிலையாக இருக்குமே என்று நினைக்கலாம். 2017-இல் ஒரு செய்தி வந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவர், இரண்டு பட்டம் பெற்ற பெண், ஆங்கிலமே தாய்மொழி. ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்டவர், கணிப்பொறி நடத்திய ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேவையான மதிப்பெண் எடுக்க முடியாமல் போனார். அயர்லாந்து பிரிட்டன் இல்லைதான். ஆனால் கதை பக்கத்து வீட்டுக் கதை. 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஐந்து பெரிய கம்பெனிகளின் பேச்சறியும் கருவிகளைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குப் 19 பிழை, கறுப்பர் பேச்சில் 35 பிழை. எந்திரம் யாருடைய பேச்சைக் கேட்டு வளர்ந்ததோ அவர்களுடைய காதுதான் அதற்கு. முன்னால் சாய்ந்து கேட்க அதற்கு முதுகுமில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால், கிளாஸ்கோ தொழிலாளியும் சேரிக்காரனும் ஒன்று என்று சுலபமாக முடித்துவிடலாம். கப்பல் சார் என்னை அப்படி முடிக்க விடவில்லை. டெக்சாசுக்குப் பிறகு அவர் அபுதாபிக்குப் போயிருக்கிறார். ஃபோர்மேன் வேலை.

"அங்க நான் கேட்டவன் இல்ல, கத்துனவன். உங்க ஊர்க்காரங்க, வங்காளிங்க, நேபாளிங்க எல்லாம் எங்கிட்ட வேல பாத்தாங்க. நான் சொன்னது புரியலன்னா இவனுங்களுக்கு இங்கிலீஷ் தெரியலன்னுதான் எழுதிக் குடுப்பேன். கூலியில புடிப்பாங்க. என் இங்கிலீஷு டெக்சாஸ்லயே புரியலன்னு அப்ப எனக்கு ஞாபகம் வரவே இல்ல."

டெக்சாசில் புரியாதபோது குற்றவாளி பேசியவர். அபுதாபியில் புரியாதபோது குற்றவாளி கேட்டவர். நாக்கு அதே நாக்குதான். இடம் மாறியதும் குற்றம் கட்சி மாறிவிட்டது. எங்க பெரியப்பா மகன் ஏழு வருஷம் வளைகுடாவில் சாரம் கட்டினவன். 'மேஸ்திரி என்னா சொல்றான்னு ஒண்ணும் வெளங்காது, தலய மட்டும் ஆட்டிட்டு பக்கத்துல இருக்கிறவன் செய்றதப் பாத்து செய்வேன்' என்பான். இருபது மாடி உயரத்தில் நின்றுகொண்டு பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்வது! அந்த நிமிஷத்தை ஃபோர்மேன் கொடுக்காததற்கு அவன் உசிரைப் பணயம் வைத்திருந்தான்.

இனி நம் பிள்ளைகளின் புகாருக்கு வருகிறேன். அதை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன். அவர்களுக்குத் தேவை வேலை வாங்கித் தருகிற இங்கிலீஷ். எந்த இங்கிலீஷை முதலாளி முன்னால் சாய்ந்து கேட்பான் என்று அவர்களுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. ஆங்கிலம் நமக்கு ஒரு வாசல். அந்த வாசலில் நிற்கிறவன் எந்த உச்சரிப்பை உள்ளே விடுவான் என்று கணக்குப் போட்டதில் தப்பில்லை.

ஆனால் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. மேட்டுக்குடி ஆங்கிலேயர் 'கார்' என்பதை 'கா' என்றுதான் சொல்வார். 'ர்' விழுந்துவிடும். கிளாஸ்கோக்காரர் 'கார்' என்றே சொல்வார், 'ர்' நன்றாகக் கேட்கும். நம் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். 'கோ', 'டே' போன்ற சொற்களை மேட்டுக்குடியினர் 'கௌ', 'டெய்' என்று இழுத்து வளைப்பார்கள். கப்பல் சார் வளைக்கமாட்டார், நம்மைப் போலவே நேராக 'கோ', 'டே'. வந்த வெள்ளைக்காரர்களிலேயே நம் நாக்குக்குப் பக்கத்தில் இருந்த நாக்கு அவருடையது. அதைத்தான் நாம் 'இங்கிலீஷ் இல்லை' என்று திருப்பி அனுப்பினோம்.

அவருக்குப் பதிலாக மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை நிறுவனம் கூட்டிவந்தது. இங்கிலீஷ் தண்ணி மாதிரி ஓடியது. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒரு மாசம் கழித்து அந்த அம்மா பிள்ளைகளின் தமிழையும் திருத்த ஆரம்பித்தார். 'வாயப்பயம்' என்று சொன்ன பெண்ணை எழுப்பி நிற்கவைத்து, 'ழ' வருகிறவரைக்கும் சொல்லவைத்தார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. கப்பல் சாரை அனுப்பிய அதே காதுதான் அவளையும் அனுப்பியது. அந்தக் காதை அலுவலகத்துக்குச் சுமந்துகொண்டு போனவள் நான்.

கடைசியாக என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்க ஆயா பண்ணை வேலை செய்தவள். மிராசுதார் வீட்டுக் களத்தில் நடந்ததையெல்லாம் அவளைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். பிறகு எழுத்தில் பெயர்த்தபோது, பல்லில்லாத வாயும் எங்க பக்கத்துப் பேச்சும் சேர்ந்து எனக்குப் பல இடம் பிடிபடவில்லை. அங்கெல்லாம் 'தெளிவில்லை' என்று எழுதிவைத்தேன். மற்ற இடங்களில் அவள் பேச்சைக் கொஞ்சம் 'சீர்' செய்தேன். 'கெயவி' என்றதைக் 'கிழவி' ஆக்கினேன். படிக்கிறவர்களுக்குப் புரியணுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எம்.ஏ. வகுப்பில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களின் காது எப்போது என் தலையில் வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆயா போய் ஆறு வருஷமாகிறது. போன மாசம் அந்தப் பதிவை எடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'தெளிவில்லை' என்று எழுதிய பதினாலு இடத்தில் பதினொன்று இப்போது தெளிவாகவே கேட்கிறது. அவள் குரல் மாறவில்லை. அன்றைக்கு நான் கொடுக்காத நிமிஷத்தை இப்போது கொடுத்தேன், அவ்வளவுதான். மீதி மூன்று இடத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்க ஆளில்லை.

யாருக்கு அதிகாரம் கூடுதலோ, அவர்தான் புரிந்துகொள்ளும் பாட்டையும் கூடுதலாகப் படவேண்டும். டெக்சாஸ் முதலாளிக்கும், அபுதாபி ஃபோர்மேனுக்கும், தமிழ் வாத்தியாருக்கும், ஒலிநாடாவும் பேனாவும் கையில் வைத்திருக்கிற நமக்கும் இதுதான் அறம் என்று நினைக்கிறேன். நம்மவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்கிற தோழர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'தெளிவில்லை' என்று இனி எழுதாதீர்கள். அது பேசினவர் மீது போடுகிற பழி. 'எனக்குப் புரியவில்லை' என்று எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் பேரையும் எழுதுங்கள். ஆயாவின் பக்கங்களில் அந்த மூன்று இடத்திலும் நான் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.